இரண்டு வாய்க் கப்பல்

கப்பலில் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகக் காகிதங்களில் சௌக்கியமாக இருந்தது. வண்டிகளைத் தளத்தோடு இழுத்துக் கட்டும் சங்கிலிகளில் ஒவ்வொரு கொக்கியையும் தன் கையால் ஒரு முறை ஆட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பெயர். முகத்துக்கு நேரே மட்டும் சீஃப். கடற்படையில் இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் ஒரே வேலைதான்: சரக்கையும் வண்டிகளையும் கப்பலுக்குள் ஏற்றி, இடம் பார்த்து நிறுத்தி, அலை எப்படி ஆட்டினாலும் அசையாதபடி கட்டுவது. அவர் கட்டிய வண்டி நகர்ந்தது என்ற பேச்சு இதுவரை இல்லை. அதை அவரே அடிக்கடி எடுத்துச் சொல்வார் என்பது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தொந்தரவு.

வீட்டிலும் இந்தக் கை சும்மா இருக்காது. மனைவி மூன்று நாள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தபோது சமையலறை அலமாரி தலைகீழாக மாறியிருந்தது. கனமானது கீழே, அடிக்கடி எடுப்பது முன்னால், எப்போதாவது எடுப்பது பின்னால். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த அம்மாள் உப்பு டப்பாவைத் தேடியே அரைமணி நேரம் அல்லாடினாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன, குறைந்தா போய்விடுவீர்கள் என்றாள். நல்லது செய்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான் என்று இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவர் இப்போது இருக்கும் கப்பலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. துறைமுகமே தேவையில்லாத கப்பல் அது. நேராகக் கடற்கரை மணலில் மூக்கை ஏற்றி, வயிற்றிலிருந்து வண்டிகளை இறக்கிவிட்டு, தண்ணீர் வடிவதற்குள் பின்வாங்கிவிடும். போர்க்காலத்தில் பீரங்கி வண்டிகள். இப்போது போர் இல்லை, புயல். ஒரு பகல் ஒரு ராத்திரி போகிற தூரத்தில் கடலில் ஒரு தீவை நாலு நாளைக்கு முன்னால் புரட்டிப் போட்டிருந்தது. தீவின் படகுத்துறை காணாமல் போய்விட்டது, கிணறுகளிலெல்லாம் கடல்நீர். ஹெலிகாப்டர் போடும் தண்ணீர்ப் பெட்டிகளை வைத்து எட்டாயிரம் பேர் நாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏற்றவேண்டியது பதினாலு வண்டி. அரிசி, மருந்து, போர்வை, கூடாரம், மின்சார எந்திரம் என்று எல்லாம் இருந்தாலும் உயிர்நாடி ஒன்றுதான்: தண்ணீர் லாரி. உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் எந்திரம் பொருத்திய, இருபது டன் கனத்த வண்டி. அது போன்ற இன்னொன்று பக்கத்தில் எங்கும் கிடையாது.

எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று தாள் போட்டவர் கப்பலின் சரக்கு அதிகாரி. இருபத்தேழு வயது, எல்லோருக்கும் மேடம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பேச்சு குறைவு. பயிற்சிக்காக இல்லாமல் நிஜமான வேலைக்காக அவர் போட்ட முதல் தாள் இது. விடிந்ததும் அதை வாங்கிப் பார்த்த கொக்கி இரண்டு தடவை படித்தார். தண்ணீர் லாரிக்கு நேரே ஒன்று என்று எழுதியிருந்தது. முதலில் ஏறவேண்டிய வண்டி! கூடார லாரிக்குப் பதினாலு.

அவசரமாக வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும், அப்போதுதான் முதலில் இறங்கும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. கொக்கி வேலை பார்த்த பழைய கப்பல்கள் அத்தனையிலும் அப்படித்தான். போன வழியாகத்தான் வரவேண்டும். மேடம் முக்கியமான வண்டி என்பதால் முதலிடம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம், புதுசு என்று நினைத்தார். போய்ச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். கேப்டன் காதுக்குப் போனால் பெயர் கெடும். கொக்கி பேனாவை எடுத்தார். ஒன்றையும் பதினாலையும் இடம் மாற்றினார். நடுவில் நிற்கிற வண்டிகள் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை என்று அவற்றைத் தொடவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. ஒரு பெண்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு விசிலை வாயில் வைத்தார்.

கப்பல் பின்பக்கத்தைத் துறையில் கொடுத்து நின்றது. பின் கதவு சரிவுப்பலகையாக இறங்கியிருக்க, வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. இடது வரிசையில் ஏழு, வலது வரிசையில் ஏழு. வண்டிகளை நேராக ஓட்டிப் போகச் சொல்லியிருந்தது தாள். பழைய கப்பல்களில் பின்னோக்கி ஏற்றுவார்கள், இறங்கும்போது சுலபமாக இருக்கும். இதுவும் மேடத்தின் இன்னொரு தப்பு என்று கொக்கி மனசுக்குள் குறித்துக்கொண்டார். ஆனால் பதினாலு வண்டியையும் பின்னால் ஓட்டி ஏற்றினால் மத்தியானம் ஆகிவிடும் என்று அதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். இடது வரிசையின் தலையில் கூடார லாரி நிற்க, எட்டு மணிக்கு அதன் வாலில் தண்ணீர் லாரி ஏறி நின்றது. வண்டிக்கு எட்டுச் சங்கிலி. எல்லாக் கொக்கியையும் ஆட்டிப் பார்த்தாயிற்று. பத்தரைக்குப் புறப்பாடு.

கடைசி வேலை ஒன்று பாக்கி. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று அதன் உடம்பில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கொக்கி துறையின் ஓரத்தில் குனிந்து, பின்பக்கத்து எண்ணை வயர்லெஸ்ஸில் படித்தார். மேடம் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தார், அதே எண். கப்பலின் பின்பக்கம் கணக்கைவிட அரைச் சாண் அதிகமாக உள்ளே போயிருந்தது.

சரக்கு அலுவலகம் என்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறிக்கே மூச்சு முட்டும் அறை. கொக்கி வாசலில் போய் நின்றபோது மேடம் மூன்றாவது தடவையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. கப்பல் மணலில் ஏறும்போது முன்பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதை வைத்துத்தான் கேப்டன் கரைக்கு வருவார். அதில் தப்பு என்றால் கப்பல் தரைதட்டும். தன் கணக்கில் எங்கே பிழை என்று தெரியவில்லை, கேப்டனிடம் போய் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லப்போகிறேன் என்றார் மேடம். சொல்லிவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்தார்.

கொக்கிக்கு மனசு கேட்கவில்லை.

"மேடம், உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு லாரிய நான் மாத்தி நிறுத்தியிருக்கேன். தண்ணி லாரிய முதல்ல ஏத்தச் சொல்லி எழுதியிருந்தீங்க. பரவாயில்ல, புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான். நான் அதைக் கடைசியா ஏத்திட்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் படவில்லை. குழந்தையிடம் வழி கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"சீஃப், நாளைக்குக் கரையில எந்தக் கதவத் திறக்கப் போறோம்?"

பதினாலு வண்டியும் மூக்கை ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது இப்போதுதான் கொக்கிக்கு உறைத்தது. அவை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது கப்பலின் முன் கதவை. மூன்று மாதமாகத் துறைமுகத்துக்குத் துறைமுகம் போனதில் ஒரு நாளும் திறக்காத கதவு; ஆனால் அதற்குச் சாயம் அடித்ததே அவருடைய ஆட்கள்தான். இந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒரு வாய், முன்னால் ஒரு வாய். பின்னால் ஏறி முன்னால் இறங்கும். முதலில் ஏறியதுதான் முதலில் இறங்கும். தண்ணீர் லாரிக்கு முன்னால் இறங்கவேண்டியது இப்போது பதின்மூன்று வண்டி.

இருபத்திரண்டு வருஷப் பெருமை ஒரே கேள்வியில் தரைமட்டமானதைக்கூட அவர் நினைக்கவில்லை. நாக்கு வறண்டு காத்திருக்கிற எட்டாயிரம் பேரைத்தான் நினைத்தார். நாளைக் காலையில் கடல் ஏறி நிற்பது ஒரு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். அதற்குள் பதினாலும் இறங்கும் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

மேடம் எழுந்தார். கேப்டனிடம் தானே சொல்வதாக, தாளில் இருப்பது தன் கையெழுத்துதானே என்றார். கொக்கி வாசலை விட்டு நகரவில்லை.

"வேண்டாம் மேடம். திருத்தினது என் கை. நான் சொல்றேன்."

கேப்டன் முழுதாகக் கேட்டார். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்றார். இடது வரிசை ஏழையும் வெளியே எடுத்து, தண்ணீர் லாரியை முதலில் விட்டு, மற்ற ஆறையும் திரும்ப ஏற்ற வேண்டும்; ஐம்பத்தாறு சங்கிலியை அவிழ்த்துக் கட்ட வேண்டும். மூன்று மணி நேரம் என்றார் கொக்கி. பதினோரு மணியைத் தாண்டினால் நாளைக் காலை அலையைப் பிடிக்க முடியாது என்றார் கேப்டன். அப்போது மணி எட்டே முக்கால்.

"பதினொண்ணுக்கு நான் கிளம்பியாகணும். திட்டறதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல, திரும்பி வரும்போது நிதானமாத் திட்டறேன். போங்க."

கொக்கி வண்டித் தளத்துக்கு ஓடினார். ஆட்களைக் கூட்டி, தப்பு தன்னுடையது, மேடத்தின் தாள் சரி, யாரும் வேறு மாதிரி பேசக்கூடாது என்று சுருக்கமாகச் சொன்னார். ஒரு கணம் யாரும் அசையவில்லை. வாயைத் திறந்தால் தன் பெருமை பேசுகிற மனுஷன் இப்படிச் சொன்னதை நம்புவதற்கு அவர்களுக்கு அந்த ஒரு கணம் தேவைப்பட்டது. அப்புறம் சங்கிலிகள் கழலும் சத்தம் தளத்தை நிறைத்தது. சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒரு பெருத்த சரீரம். அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். என்னை ஏற்றுவதும் இறக்குவதுமாக விளையாடுகிறீர்களா, நான் என்ன ஊஞ்சலா என்று புலம்பிக்கொண்டேதான் வண்டியைக் கிளப்பினார்.

முதல் மூன்று வண்டி வெளியே போனதும் தளம் வலது பக்கம் சாய்ந்தது. இடது வரிசை காலியாகிறது, வலது வரிசை கனத்து நிற்கிறது. கொக்கியின் கை பழக்கத்தில் அடுத்த வண்டியைக் கூப்பிட உயர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்தினார். வயர்லெஸ்ஸை எடுத்தார். மேடம், இதே வேகத்தில் எடுக்கலாமா, இல்லை நிறுத்தவா என்று கேட்டார். கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உப்பு டப்பா ஞாபகம் வந்து லேசாக வெட்கமும் வந்தது. மேடம் ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டார். அடித்தொட்டிகளில் தண்ணீரை இடது பக்கம் மாற்றி, கப்பலை நிமிர்த்தினார். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் அவர் எடுங்கள் என்பார், இவர் எடுப்பார்.

தண்ணீர் லாரி காலி வரிசையில் நீளமாக ஓடி, முன் கதவுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றபோது மணி ஒன்பதே முக்கால். அதன் எட்டுக் கொக்கியையும் கொக்கியே மாட்டினார். கடைசியாகக் கூடார லாரியைக் கட்டி முடித்தபோது பதினொன்றுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. ஆழ எண் இம்முறை மேடத்தின் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. சமையல்காரர் அடுப்பில் விட்டுவந்தது கரிந்துபோய், மத்தியானம் எல்லோரும் அதையே சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிகாலை கப்பல் மெல்ல உறுமிக்கொண்டு மணலில் ஏறியது. முன் கதவு திறந்ததும் இருட்டுத் தளத்துக்குள் வெளிச்சம் கொட்டியது. தண்ணீர் லாரி சரிவில் இறங்கி, முட்டளவு அலையைக் கிழித்துக்கொண்டு கரையேறியது. அடுத்தடுத்து மற்றவை. ஆனால் புயல் அரித்த மணல் எதிர்பார்த்ததைவிட இளகியிருந்தது. ஒன்பதாவது வண்டி அச்சுவரை புதைந்து, பலகை போட்டுத் தள்ளி எடுப்பதற்குள் இருபத்தைந்து நிமிஷம் தின்றுவிட்டது. பன்னிரண்டாவது இறங்கியதும் கேப்டன் கதவை மூடச் சொன்னார். தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது, இனி நின்றால் கப்பல் மணலிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

தளத்தில் இரண்டு லாரி மிச்சம். போர்வையும் கூடாரமும். கூடார லாரி நின்ற இடத்தையே கொக்கி பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று எட்டு மணிக்கு அந்த இடத்தில் நின்றது எது என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் கப்பலில் அது நின்றிருந்தால் என்று நினைத்ததும் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மேடம் வந்து பக்கத்தில் நின்றார். கையில் மறுநடைக்கான தாள். இன்று ராத்திரியே துறைக்குப் போய் இன்னும் பன்னிரண்டு வண்டி ஏற்ற வேண்டும்.

"இதைப் பாருங்க சீஃப். தப்புன்னு பட்டா தனியாத் திருத்தாதீங்க, என்கிட்ட வந்து சண்டை போடுங்க."

கொக்கி வாங்கிப் பார்த்தார். மிஞ்சிய இரண்டு லாரியும் முன் கதவுக்கு நகர்ந்து முதலிடத்தில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால்தான் இரண்டாம் நடையின் மருந்து வண்டி. புருவம் தானாக ஏறியது. மருந்துக்கு முன்னால் போர்வையா? பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை.

அப்போது வயர்லெஸ்ஸில் பெருத்த சரீர ஓட்டுநரின் குரல் வந்தது. எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது, கூட்டம் தாங்கவில்லை, சத்தத்தில் காதே கேட்கவில்லை என்று புலம்பினார். புலம்பலில் சிரிப்பு இருந்தது. நல்லா வருதா என்று கொக்கி கேட்டார். வருது சீஃப், குடம் குடமா வருது என்றது குரல்.

கொக்கி எழுந்து, தாளை லாரியின் பக்கப்பலகையில் விரித்து, விரலை மருந்து வண்டியின் மேல் வைத்தார்.

"மேடம், இதை ஏன் இங்க வெச்சீங்க?"