ரஞ்சிதத்தின் எலும்புப் படம்

இப்போதெல்லாம் எவனும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மெஷினைப் பார்க்கிறான். ரேஷன் கடைக்காரன் கட்டைவிரலைப் பார்க்கிறான். பெற்ற மகன் போனைப் பார்த்துக்கொண்டே 'சாப்ட்டியா' என்கிறான். வைத்தியத்தையாவது விட்டு வைத்திருப்பார்கள் என்று வேடியப்பன் நினைத்திருந்தார். அதுவும் போயிற்று. அவர் மனைவி ரஞ்சிதம் தள்ளுகட்டிலில் முனகிக்கொண்டு கிடக்க, டாக்டரம்மாவும் எக்ஸ்ரே எடுத்த வெற்றிச்செல்வனும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அறுத்த சாமைக்கதிர்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக் கொல்லையிலிருந்து இறங்கியவள் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து போர்வையில் கட்டித் தூக்கி, ரோடு வந்ததும் ஊர்க்காரன் சந்திரனின் ஜீப்பில் கிடத்தி, புதூர்நாட்டுப் பக்கம் ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் நடத்தும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்க்கையில் மதியம் தாண்டிவிட்டது. எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. படம்தான் வரவில்லை.

"படம் எங்கயும் போவல தாத்தா," என்றான் வெற்றிச்செல்வன். "எடுத்ததும் அது நேரா சர்வர்ல போய் உக்காந்துக்கும். மூலையில கீது பாருங்க, ஸ்கிரீன் இல்லாத பெட்டி, அதான் சர்வர். அதுக்குள்ள ஒரு ஃபோல்டர். இங்க கீற ரெண்டு கம்ப்யூட்டர்லருந்தும் அந்த ஃபோல்டரத் தொறந்து படம் பாக்கலாம். இன்னிக்குத் தொறக்க மாட்டேங்குது."

"இந்தா கீற பெட்டியத் தொறக்க முடியலியா? எழுந்து போய்த் தொறயேன்யா."

"அது பீரோ இல்ல தாத்தா."

"படம் எடுத்த மெஷின்ல தெரியாதா?"

"தெரியுது, தீப்பெட்டி சைசுக்கு," என்றார் டாக்டரம்மா. "அதுல விரிசல் இருந்தாலும் எனக்குத் தெரியாது, பெரியவரே. பெருசு பண்ணிப் பாக்கணும்."

"பாக்காமலே கீழ அனுப்பிடுங்க. திருப்பத்தூர்ல பாத்துக்கறோம்."

"எலும்பு விலகியிருந்தா அத்தனை வளைவுலயும் ஜீப் குலுக்குற குலுக்குல உள்ள ரத்தக்குழாயக் கிழிச்சிடும். அப்படி இருந்தா ஆம்புலன்ஸ்லதான் போகணும். அது கேஸ் எடுத்துட்டுக் கீழ போயிருக்கு, ராத்திரிதான் வரும். விலகலைன்னா பலகை வெச்சுக் கட்டி இப்பவே ஜீப்புல அனுப்பலாம். அடி மட்டும்தான்னா போகவே வேணாம். எதுன்னு அந்தப் படம்தான் சொல்லணும்."

வேடியப்பன் வெளியே வந்தார். ஜீப்பில் சாய்ந்திருந்த சந்திரன் வானத்தைக் காட்டினான். "மாமா, மூடுபனி எறங்குது. எனக்கு ஒரு லைட்டுதான் எரியும், தெரியுமில்ல? இருட்டிட்டா நான் எறங்க மாட்டேன்."

"அவளத் தூக்கினு வர்றேன். போலாம்."

"டாக்டரம்மா சரின்னு சொன்னாத்தான் மாமா. வழியில எதுனா ஆச்சுன்னா உன் மச்சானுங்க என்னையத்தான் வெட்டுவாங்க."

முன்னால் ஜீப் இருந்தது, போக வழியில்லை. பின்னால் டாக்டர் இருந்தார், வைத்தியம் நடக்கவில்லை. கண்ணியில் மாட்டிய முயலைப்போல வேடியப்பன் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார்.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் ரஞ்சிதம்.

"இன்னாத்த சொல்றாங்க. பெட்டி தொறக்கலியாம்."

"காலு மரத்துப்போவுது. சீக்கிரம் கேளு."

உள்ளே வெற்றிச்செல்வன் ஆலங்காயத்தில் இருக்கும் ஜீவானந்தத்தை போனில் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் இரைந்தது.

"சர்வர் ஓடுதா?"

"ஓடுதுண்ணா. பச்ச லைட்டு எரியுது, காத்தாடி சுத்துது."

"பாஸ்வேர்டு மாத்தினீங்களா?"

"பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது. அப்படி ஒரு எடமே இல்லன்னு சொல்லுது."

"ரெண்டு கம்ப்யூட்டரையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

பண்ணினான். அவை எழுந்து உட்காரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி அதே பதில்.

"ஒயரு புடுங்கிக்கிச்சா பாரு."

"ஒயரு நல்லா கீதுண்ணா. நெட்டு வருதே! நியூஸ் பக்கமெல்லாம் தொறக்குது."

இது வேடியப்பன் காதில் விழுந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "டில்லியில கீறது தெரியுது, இந்த மூலையில கீறது தெரியலியா? படத்தத் தொலச்சிட்டு நாடகம் ஆடுறீங்களாடா?"

"யாருடா அது?" என்றது போன்.

"பேஷண்டு வூட்டுக்காரருண்ணா."

"அவரு கேக்கறது சரிதான். நெட்டு வருது, சர்வர் வரல. கம்ப்யூட்டரோட நம்பர் இன்னான்னு பாரு. சர்வர் நம்பரும் அதுவும் ஒரே மாதிரி ஆரம்பிக்கணும்."

வெற்றிச்செல்வன் தட்டினான். "இல்லண்ணா. இது வேற மாதிரி ஆரம்பிக்குது."

"அப்ப வேற தெருவுல நின்னுக்கினு வூட்டத் தேடுற. ஒயர் எந்தப் பெட்டியில குத்திக்கீது? கறுப்பா, வெள்ளையா?"

வெற்றிச்செல்வன் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனான். உள்ளிருந்தே கத்தினான். "வெள்ளையிலண்ணா! ரெண்டுமே!"

"அது நெட்டுக்காரன் பெட்டிடா. சர்வர் ஒயரு நம்ம கறுப்புப் பெட்டியில இல்ல கீது? யாரு மாத்தினது?"

வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஆயா தேவயானி மெல்ல உள்ளே வந்தாள். "நான்தாங்க. நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சேன். சர்வரத் தொடாதேன்னு தம்பி சொல்லிச்சு, தொடல. கறுப்புப் பெட்டிக்கு சந்தனம் குங்குமம் வெச்சேன். அப்புறம் ஒயர மாட்டலாம்னு பாத்தா, ஓட்டை மேலயே பொட்டு. சாமிக்கு வெச்ச பொட்டுல எப்படிங்க குத்தறது? பக்கத்துல வெள்ளப் பெட்டியில ஓட்டை சும்மா கெடந்துச்சு. சரியாப் போயி உக்காந்துச்சேன்னு வுட்டுட்டேன்."

"வெள்ளைக்கு மட்டும் பொட்டு வெக்கலியா?" என்றது போன்.

"அது நம்முளுது இல்லீங்களே. நெட்டுக்காரன் வெச்சிட்டுப் போனது. அவன் வந்து வெச்சிக்கட்டும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. வெற்றிச்செல்வன் கறுப்புப் பெட்டியை ஆஃப் செய்து, ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டி, ஊதித் துடைத்து, ஒயர்களைப் பிடுங்கி அதில் குத்தினான். தேவயானி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஃபோல்டர் திறந்தது. திரை முழுக்க வெள்ளையாய் ஒரு இடுப்பு வந்து நின்றது.

டாக்டரம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "விரிசல் இருக்கு. நல்லவேளை, விலகல. பலகை வெச்சுக் கட்டித் தரேன், ஜீப் மெதுவாப் போகணும். கீழ ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். பாருங்க பெரியவரே, இந்தக் கோடு."

வேடியப்பன் குனிந்து பார்த்தார். கோடும் தெரிந்தது, புகைபோல மங்கலும் தெரிந்தது. "இது அவ எலும்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மூலையில அவங்க பேரு போட்டிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பொட்டு வெச்சதுக்கே காணாமப்போற படம், ஆள் மாறி வராதா?"

"இன்னிக்கு வேற யாருக்கும் எடுக்கல தாத்தா," என்றான் வெற்றிச்செல்வன்.

"நீ சொல்ற."

"நம்பலன்னா வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?" டாக்டரம்மா இந்த முறை திரையை விட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

வேடியப்பன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் ரஞ்சிதம் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வீட்டுக்குத் தூக்கிப்போய் என்ன செய்வது? அந்தப் படம் சொன்ன வழியைத் தவிர அவருக்கு வேறு வழி விடப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"கட்டுங்க," என்றார்.

பலகை கட்டியதும் தலைமாட்டை அவரும் கால்மாட்டை வெற்றிச்செல்வனுமாகத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். படத்தை சந்திரனின் போனுக்கு அனுப்பிவிட்டதாகவும், திருப்பத்தூரில் காட்டினால் போதும் என்றும் வெற்றிச்செல்வன் சொன்னான். வேடியப்பன் திரும்பிப் பார்க்காமல் போய் ரஞ்சிதத்தின் தலைப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா மாமா, ஒடஞ்சிருக்கா?" என்று வண்டியைக் கிளப்பினான் சந்திரன்.

"அப்படித்தான் சொல்றாங்க. கீழ போய் இன்னொரு தபா எடுக்கச் சொல்லணும். நீ மெதுவாப் போ."