கொதிக்க விட்ட ஒயின்

லிலியான் அழுத்திய அழுத்தில் கிராம்பு ஆரஞ்சுப் பழத்துக்குள் முழுசாகப் புதைந்துபோனது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது கிராம்பு விரல் பட்டதும் உடைந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவள் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்குள் புகுந்திருந்தாள். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. பூட்ஸ்களில் ஒட்டிவந்த பனி உருகி அவளுடைய மரத்தரை முழுக்க ஈரம்.

"மெதுவாக் குத்து லிலி. பழம் உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள் மார்லீஸ். லிலியானின் செத்துப்போன புருஷன் அர்மானுக்கு அக்கா. எழுபது வயசு. முத்துமாலையும் தானுமாக அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி போதும்னு சொன்னேன். கேட்டியா?"

"டிசம்பர் மாசக் குளிர்ல ஒரு மணி நேரம் குழியைச் சுத்தி நின்னவங்களுக்குக் காப்பியா? நம்ம கெஸ்லர் வீட்டுச் சாவுல சூடா ஒரு கோப்பை ஒயின்கூட ஊத்தலைன்னு நாளைக்கே பேசுவாங்க."

"உன் தம்பி எதனால செத்தான்னு பேசமாட்டாங்களா?"

"குளிர்ல செத்தான்."

"குடிச்சிட்டுக் குளிர்ல படுத்துச் செத்தான்."

மார்லீஸ் பட்டை டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். "பட்டையைப் பொடியாப் போடாதே, குச்சியாவே போடு. பொடி போட்டா அடியில சேறு மாதிரி தங்கும்" என்றாள்.

அர்மான் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தொடவில்லை. டாக்டர் அவனுடைய ஈரலைப் படத்தில் காட்டி, இனி ஒரு கோப்பை என்றாலும் என்னிடம் வராதே என்று சொல்லியிருந்தார். ராத்திரியெல்லாம் வியர்த்து நடுங்கியவனைப் பிடித்து உட்காரவைத்து, சட்டை மாற்றி, சூப் ஊட்டியவள் லிலியான். திராட்சைக் கூட்டுறவில் லாரி ஓட்டுகிற ஒருவன், வருஷம் முழுக்க ஒயின் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு குடிக்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. இருந்தான். போன சனிக்கிழமை கிறிஸ்துமஸ் சந்தை திறந்தது. "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு சூப்புக்கு வந்துடறேன்" என்று சொல்லிப் போனான். மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்துப் பாதையில், ஒரு கல்தூணில் சாய்ந்தபடி கிடைத்தான். புருவமெல்லாம் உறைபனி. கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தானாம். உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் புழுங்குமாம், போலீஸ்காரர் சொன்னார். முப்பது வருஷத்தில் வீட்டில் ஒரு நாள் கோட்டை மடித்து வைக்காத மனுஷன். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

யாரை என்பதும் தெரியும். கால்பந்து கிளப்புக்காரர்கள் சந்தையில் வருஷாவருஷம் சூடான ஒயின் கடை போடுவார்கள். கடையை நடத்துகிறவன் ரொபி. பள்ளிக்கூட நாளிலிருந்து அர்மானுடைய கூட்டாளி. அன்று சாயங்காலம் அந்தக் கடை முன்னால் அர்மான் கையில் கோப்பையோடு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. உடல் வீட்டுக்கு வந்த அன்று ரொபி வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். "நீதானே கொடுத்தே?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கதவைச் சாத்திவிட்டாள்.

இன்றைக்கு அதே ரொபிதான் சவப்பெட்டியின் முன்பக்கம் இடது புறம் தோள் கொடுத்தான். பாதிரியார், அர்மான் எல்லோரையும் மகிழ்வித்த மனிதர் என்றபோது கோயிலே தலையாட்டியது. மகிழ்ச்சியெல்லாம் கடைத்தெருவில், வாந்தி மட்டும் வீட்டில் என்று எழுந்து கத்தலாமா என்று அவள் யோசித்தாள்.

பெரிய பாத்திரத்தில் ஆறு புட்டி சிவப்பு ஒயினை ஊற்றினாள். வெள்ளை ஒயின்தான் தங்கள் குடும்பத்து வழக்கம், சிவப்பு மேஜைவிரிப்பைக் கறையாக்கும் என்றாள் மார்லீஸ். கறையாகட்டும் என்றாள் லிலியான். சர்க்கரை, பட்டை, அன்னாசிப்பூ, எலுமிச்சைத் தோல், துருவிய ஜாதிக்காய், கிராம்பு குத்திய ஆரஞ்சு. எல்லாம் உள்ளே போயிற்று.

"கொதிக்க விட்டுடாதே. ஓரத்துல வெள்ளையா நுரை கட்டினதும் இறக்கிடு. கொதிச்சா அதுல இருக்கறதெல்லாம் ஆவியாப் போயிடும்" என்றாள் மார்லீஸ். பிறகு மேஜைப் பக்கம் திரும்பித் தட்டுகளை வரிசைப்படுத்தினாள். பன்றிக்கொழுப்பும் வால்நட்டும் போட்டுச் சுட்ட உப்புக் கேக். உப்புக்கல் ஒட்டிய பிரெட்ஸல். சீரகம் தூவிய மன்ஸ்டர் சீஸ். அதன் நாற்றம் கூடம்வரை போயிருந்தது. புகை போட்ட இறைச்சித் துண்டுகள். "இனிப்பு ஒயினுக்கு உப்பும் கொழுப்பும்தான் ஜோடி. இது ஒரு வாய், அது ஒரு மடக்குன்னு தானா இறங்கும். இஞ்சி ரொட்டி, பிஸ்கட்டெல்லாம் கடைசியில வச்சுக்கலாம். இனிப்பு மேல இனிப்பு தின்னா ஒரு கோப்பைக்கு மேல எவனுக்கும் போகாது."

"அப்படியா" என்றாள் லிலியான்.

மார்லீஸ் கூடத்துக்குப் போனதும் அந்த நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்கதவுக்கு வெளியே பனியில் வைத்தாள். மேஜையில் இஞ்சி ரொட்டி, சோம்பும் வெண்ணெயும் போட்ட சின்னச் சின்ன பிஸ்கட்டுகள், உலர்ந்த பேரிக்காய் வைத்த ரொட்டி ஆகியவற்றைப் பரப்பினாள். எல்லாமே தித்திப்பு. அப்புறம் அடுப்பை முழுக்கத் திருகிவிட்டாள்.

ஒயின் முதலில் முனகியது. பிறகு குமிழி விட்டுத் தளதளவென்று கொதித்தது. நெடி கண்ணில் எரிந்தது. தீக்குச்சியைக் கிழித்து ஆவியில் காட்டினாள். நீல நிறத்தில் ஒரு தீ பாத்திரத்தின் வாய் முழுக்க ஓடியது. அவள் நகராமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தீ சுருங்கி, ஓரத்தில் கொஞ்சம் தத்தளித்து, அணைந்தது. மறுபடி குச்சி காட்டினாள். மறுபடி பற்றியது. எரி, எரி என்று முணுமுணுத்தாள். கடைசியில் எத்தனை குச்சி காட்டியும் பற்றவில்லை. அதற்குப் பிறகும் இறக்காமல் கொதிக்கவிட்டாள்.

கூடத்தில் கோப்பைகள் கை மாறின. எல்லோரும் சூட்டுக்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். முதல் மடக்கிலேயே பேச்சு தடுமாறியது.

"என்ன லிலி இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு?" என்றான் கிளப்புக்காரன் ஒருவன்.

மார்லீஸ் ஒரு வாய் குடித்தவள் முகம் சிவந்தாள். "கொதிக்க விட்டியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சாப்பாட்டுத் தட்டெல்லாம் எங்கே?"

"கொதிக்கத்தான் விட்டேன். இந்த வீட்டுல இனிமே ஒருத்தரும் அவர் பேரைச் சொல்லிக் குடிக்க முடியாது. பிஸ்கட் இருக்கு, தின்னுங்க."

யாரும் அசையவில்லை. ரொபி மட்டும், கொடுத்ததை நின்றபடியே மடமடவென்று குடித்துத் தீர்த்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

"நல்லா இருக்கா ரொபி? இன்னொரு கோப்பை ஊத்தட்டுமா? அவருக்கு எத்தனை ஊத்தினே? ஒண்ணு குடிச்சா என்ன ஆகும்னுதானே கொடுத்தே? நான் ஒரு வருஷம் அந்த மனுஷனைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டேன். ஒரே சாயங்காலத்துல கொன்னுட்டியே. சவப்பெட்டியைத் தூக்க உனக்குத் தோள் எப்படிடா வந்துச்சு?"

ரொபி கோப்பையின் அடியைப் பார்த்தபடி நின்றான். "தப்புதான் லிலி" என்றான்.

"அவர் கொடுக்கலைம்மா."

சன்னலோரத்திலிருந்து வந்தது குரல். அவளுடைய மகன் பஸ்தியான். ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் வேலை பார்ப்பவன். சாவுச் செய்தி கேட்டு வந்ததிலிருந்து நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டான். துக்கம் என்று நினைத்திருந்தாள்.

"பஸ்தி, சும்மா இரு" என்றான் ரொபி சட்டென்று.

"ரொபி அப்பாவுக்கு ஆப்பிள் ஜூஸ்தான் சூடு பண்ணிக் கொடுத்தாரு. நான் சனிக்கிழமை சந்தைக்கு வந்திருந்தேன், உன்கிட்ட சொல்லலை. அப்பா என் கோப்பையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வாய் குடுடான்னாரு. கிறிஸ்துமஸ்தானேன்னு..." அவன் நிறுத்தினான். "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு. கோப்பையை அவர் கையிலேயே கொடுத்துட்டுப் போயிட்டேன்."

மார்லீஸ் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

லிலியான் கையில் கரண்டி இருந்தது. அதிலிருந்து ஒயின் சொட்டிச் சொட்டி விரிப்பில் விழுந்தது. மகன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான், அடி வாங்கக் காத்திருப்பவன் மாதிரி. அந்த நிற்பு, தோளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் சாய்ந்து நிற்கிற அந்த நிற்பு, அப்பனுடையது. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ரொபிக்காகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் இன்னும் வாயில் மிச்சம் இருந்தன. ஒன்றுகூட மகன் பக்கம் திரும்பவில்லை.

"கோட்டைப் போட்டுக்கோ. சன்னல் பக்கம் குளிரும்" என்றாள். அதையும் கோபமாகத்தான் சொன்னாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

ரொபி ஏற்கனவே வெளியே போயிருந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. அவனுடைய பழைய வேன் கண்ணாடியில் உறைபனி தடிப்பாகப் பிடித்திருந்தது. பாங்க் அட்டையால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா சொல்லலை?" என்றாள் பின்னாலிருந்து.

"முப்பது வருஷமா உன்கிட்டத் திட்டு வாங்கறேன். எனக்குப் பழக்கம்தானே." அவன் திரும்பவில்லை. "பஸ்திக்குப் பழக்கமில்லை."

"அப்புறம் அவரைத் தேடினியா?"

"வேற கடைகள்லயும் குடிச்சிட்டுப் போறான்னு தெரிஞ்சதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டுத் தேடினேன். ஆத்துப்பக்கம் போயிருப்பான்னு நினைச்சேன் லிலி. ஆத்துப்பக்கம் போய்ப் பார்த்தேன்."

திராட்சைத் தோட்டம் ஊருக்கு அந்தக் கோடியில்.

"எருமை" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

அட்டை வளைந்து வளைந்து போயிற்று. கண்ணாடியில் ஒரு சாண் அகலம்தான் தெளிந்திருந்தது. லிலியான் சுற்றிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனாள். கோட்டுக் கையை மணிக்கட்டுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். பனித்தூள் அவள் கைக்குள் உதிர்ந்தது. இரண்டு பேரும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.