வலப் பக்கம்

நிம்மி மைசூரில் ஒரு பள்ளியில் மழலை வகுப்பு ஆசிரியை. அவளுடைய வலது மார்பு இடதை விட நன்றாகவே சிறியது. கல்லூரி நாட்களிலிருந்து உள்ளாடைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துச் சமாளித்து வந்தாள். வகுப்புக் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட, அது நகர்ந்துவிடுமோ என்று சற்றே திரும்பி நிற்பாள். திருமணமான பிறகும் கணவன் ரோனியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை. பிடிக்காமல்தான் கேட்கவில்லை என்று அவளாக முடிவு செய்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை தேவராஜ மார்க்கெட்டில் குனிந்து காய் பொறுக்கியபோது கைக்குட்டை நழுவி வெண்டைக்காய்க் குவியல்மேல் விழுந்தது. கடைக்காரம்மா அதையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நிம்மிக்கு முகம் எரிந்தது. காய்ப் பையை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினாள். ரோனி கைக்குட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையோடு பின்னால் வந்தான். இருவரும் ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம இருக்குமா நிம்மி? ஒரே வீட்லதானே இருக்கோம்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். கேட்டா நொந்துக்குவியோன்னு பயம்."

அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் வெறுப்பென்று நினைத்தது அவனுடைய பயம்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றாள்.

"எனக்காகன்னா வேண்டாம், நிம்மி. சத்தியமா வேண்டாம்."

"உங்களுக்காக இல்ல. எனக்கு. கண்ணாடி பாக்காம ஒரு நாள் வீட்டைவிட்டுக் கிளம்பணும்."

"சரி. டாக்டர்கிட்ட நானும் வரேன்."

பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் ஸ்ரீதேவி பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மூணு வழி இருக்கும்மா. சின்ன பக்கத்துல சிலிக்கான் பை வைக்கலாம், ஆனா பிற்காலத்துல அதை மாத்த வேண்டி வரலாம். இல்லன்னா பெரிய பக்கத்தைக் குறைக்கலாம். அதுல தழும்பு இருக்கும், பால் குடுக்கறதும் கஷ்டமாகலாம். மூணாவது, உங்க தொடையில இருந்து கொழுப்பை எடுத்து சின்ன பக்கத்துல நிரப்புறது. அதுல கொஞ்சத்தை உடம்பு கரைச்சிடும். ஒரே தடவையில முழுசா சமமாகாது."

"எதுவுமே செய்யலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. இது வியாதி இல்லம்மா."

அந்த ஒரு வாக்கியத்தை நிம்மி யாரிடமிருந்தும் கேட்டதில்லை.

"டாக்டர், அந்தக் கொழுப்பை என் தொப்பையில இருந்து எடுத்துக்க முடியாதா?" என்றான் ரோனி. "நிறைய இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்க உடம்பு அவங்களோடதைத்தான் ஏத்துக்கும், சார்."

நிம்மியும் சிரித்தாள். "குழந்தை பிறந்தா நான் பால் குடுக்கணும் டாக்டர். வெளிப் பொருளும் வேண்டாம். மூணாவதே செய்யுங்க."

கோடை விடுமுறையில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்பை விடத் தொடைதான் அதிகம் வலித்தது. நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. ரோனி லீவு போட்டுச் சமைத்தான். சாம்பாரில் தினமும் உப்பு கூடிப்போனது. கட்டைப் பிரித்த மறுநாள் மதியம் அவள் அவனை அறைக்குள் கூப்பிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் சட்டையைத் தானே விலக்கினாள்.

"பாருங்க."

அவன் பார்த்தான். முதல்முறையாக அவள் தடுக்கவில்லை.

"வலிக்குதா?" என்று மட்டும் கேட்டான். அவள் இல்லையென்று தலையசைத்து அவன் கையை எடுத்து வலப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சில மாதங்களில், டாக்டர் சொன்னபடியே கொஞ்சம் கரைந்தது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

"இன்னொரு தடவை செய்யலாமா?" என்று டாக்டர் கேட்டபோது நிம்மி ரோனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதும் டாக்டர். எனக்கு இது போதும்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பசிக்கிறது என்றாள். எதிர் ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டுவிட்டு, மழை விடக் காத்திராமல் இருவரும் நடந்தார்கள்.