பின்சக்கரத்துக்கு யார் பொறுப்பு

1.
இந்தக் கதை ஒரு மதிலில் தொடங்கியது. கீரிமலை வீதியில் மதிலோடு மோதிக் கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கக் கூடிய சனத்தில் நானும் நின்றேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதை எழுத உட்கார்ந்தது என் கொழுப்பு. மிச்சமெல்லாம் கற்பனை.

நானூறு குதிரைவலு பின்சக்கரங்களில் இறங்கும்போது — (விட்டுவிடுகிறேன். உங்களுக்குக் கொட்டாவி வரும்.)

2.
நிவேதனா புத்தூரில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருப்பவள். மடிக்கணினியை இணைத்து எஞ்சினை செற் பண்ணுவதில் கெட்டிக்காரி.

"அக்கா, முழுப் பவரும் வேணும்," என்றான் காரின் சொந்தக்காரன் லோஜன்.

"பவர் நான் தருவன். ரோட்டைப் பிடிக்கிறது ரயரின்ரை வேலை. ரெண்டும் ஒத்துப்போக வேணும்."

வலுவை அளக்கப் பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றினாள். முன்சக்கரம் நிற்கப் பின்சக்கரம் மட்டும் சுழன்றால், கார் தான் வழுக்குவதாக நினைத்து எஞ்சினை அடக்கிவிடும். அதனால் அப்படி அடக்குகிற வழுக்கல் தடுப்பை மடிக்கணினியில் நிறுத்திவைத்தாள். அளந்து முடிந்ததும் திரும்பப் போட மறந்துபோனாள்.*

* முதல் பிரதியில் அவள் மறக்கவில்லை. குறையே இல்லாத அந்தப் பெண்ணோடு எனக்கு மூன்று பக்கத்துக்கு மேல் ஒத்துவரவில்லை.

3.
மறுநாள் கோயிலில் காருக்குப் பூசை. லோஜனின் தமையன் பிரகாஸ், தபாற்கந்தோரில் வேலை செய்பவர், ரயர் மினுங்க வேண்டுமென்று பொலிஷ் பூசினார். பக்கவாட்டில் மட்டும் பூசவேண்டியதை, வழுக்குமென்று தெரியாமல், நிலத்தில் படுகிற இடத்திலும் தேய்த்துவிட்டார். தம்பியில் அவ்வளவு ஆசை. சக்கரத்தடியில் வைத்த தேசிக்காய்களை நசித்துக்கொண்டு கார் புறப்பட்டது. வளைவில் லோஜன் அக்சிலேற்றரை அழுத்தினான். பின்பக்கம் சுழன்று கார் மதிலில் மோதியது. அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

4.
(முடிவு ஒன்று) நிவேதனா வாய் திறக்கவில்லை. ஊர் பொலிஷைத்தான் காரணம் சொன்னது. கராச் தப்பியது. எழுதிவிட்டு வாசித்தேன், வெட்கமாக இருந்தது.

(முடிவு இரண்டு) அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுது — இதில் மிக நல்லவளாகிவிடுகிறாள். வெட்டிவிட்டேன்.

5.
மிஞ்சியது இவ்வளவுதான். பிரகாஸ் கராச்சில் வந்து நிற்கிறார். மடிக்கணினி திறந்திருக்கிறது. லோஜனின் காரில் வழுக்கல் தடுப்பு நிறுத்தப்பட்டிருப்பது அதில் தெரிகிறது, ஆனால் அவருக்கு விளங்காது.

"தங்கச்சி, நீர் விசயம் தெரிஞ்ச ஆள். நான் பூசினதாலைதானே?"

"இருங்கோ அண்ணை."

"தம்பி என்னோடை கதைக்கிறானில்லை. நீர் ஓமெண்டு சொன்னாலும் பரவாயில்லை. உண்மை தெரிஞ்சாப் போதும்."

அவள் வாயைத் திறக்கிறாள். அடுத்த வரியை நீங்கள்தான் எழுதவேண்டும். எழுதுமுன் ஒன்று: பொலிஷும் ஒரு காரணம்தான். "ஓம்" என்று எழுதினால் உங்களைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்குக் கை வரவில்லை.