கைப்பிடியில் தொங்கிப் பார்த்தவர்

இடுப்பெலும்பு முறிந்து தேறிய மனைவிக்கு ஒரே ஆசைதான்: யார் துணையும் இல்லாமல் குளிக்க வேண்டும். குளியலறைப் படியைத் தட்டிச் சமமாக்கி, வழுக்காத தரை போட்டு, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினால் போதும். ஆள் பிடிக்கும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. ஏமாற்றுக்காரனை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவேன் என்பவர்.

வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து நேர்காணல் நடத்தினார். இடத்தைப் பார்த்துத்தான் செலவைச் சொல்ல முடியும் என்றவருக்கு அனுபவம் போதாது. பார்த்தவுடன் சொன்னவர் அவசரக்குடுக்கை. அடுத்து வந்த பெண் மேஸ்திரி அவர் கேள்விகளைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மனைவியைக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "எழுந்திருக்கிற மாதிரி கைய நீட்டுங்கக்கா" என்றாள். கை போன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுத்தால் போதும். சந்தேகம் இருந்தால் பின்தெருவில் தான் வேலை செய்த வீட்டுக்குப் போய்க் கைப்பிடியில் தொங்கிப் பார்க்கலாம் என்றாள். அதிகாரியைத் தொங்கச் சொன்னதற்காகவே அவளும் தேறவில்லை.

அதுவரை தினமும் அவரேதான் மனைவிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவள் கூசுவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றியதில் பாதி சுவர்தான் குளித்தது.

கடைசியாக ஒருவன் கோட்டு போட்டு வந்தான். தங்க விளிம்பு வைத்த விசிட்டிங் கார்டு. அதே குளியலறையை டேப்லெட்டில் நீர்வீழ்ச்சியோடு காட்டினான். ஆயுசுக்கும் உத்தரவாதம்.

"உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்கள ஏமாத்தவே முடியாது சார்."

கணவர் உட்கார்ந்தபடியே அரையடி உயர்ந்தார். முழுப் பணத்தையும் இன்றைக்கே கட்டினால் பாதி விலையாம். செக்புக் மேஜைக்கு வந்தது.

மனைவி, இவனிடம் வேலை வாங்கியவர்களோடு பேச வேண்டும் என்றாள். அவன் மூன்று நம்பர் கொடுத்தான். ஸ்பீக்கரில் போட்டாள். முதல் அம்மாள் வானளாவப் புகழ்ந்தாள். பின்னால் குக்கர் விசிலடித்தது. இரண்டாவது அம்மாளுக்குக் கரகரத்த குரல்; அங்கேயும் குக்கர். மூன்றாவது அம்மாள் மூக்கால் பேசினாள்.

"குக்கர இறக்கிட்டு வாம்மா, அடிப்பிடிக்கப் போவுது. நாங்க இருக்கோம்" என்றாள் மனைவி.

"அய்யோ, மறந்தே போயிட்டேன்" என்றது மறுமுனை, முதல் அம்மாளின் குரலில்.

கோட்டுக்காரனுக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்தது.

மறுநாள் கணவர் தனியாகப் பின்தெரு வீட்டுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்து, கால்களை மடக்கி, முழு உடம்பையும் தொங்கவிட்டார். வீட்டுக்காரர் துண்டோடு வந்து நின்று, உங்களுக்கும் இடுப்பா என்று கவலையோடு கேட்டார். "தணிக்கை" என்றார் இவர், தொங்கியபடியே.

மேஸ்திரி திரும்ப வந்தபோது அவள் போட்ட வெள்ளைக் கோடு கறுப்பாக இருந்தது. தண்ணீரில் அழிய அழிய, மனைவி கண்மையால் வரைந்து வைத்திருந்தாள். கணவர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வேலை முடிந்து முதல் குளியல். கதவு உள்ளே தாழிடப்பட்டது. கணவர் பழக்கதோஷத்தில் சொம்போடு வெளியே நின்றார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு பாட்டு முனகல்கூடக் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"அங்கயேதான் நிக்கிறீங்களா?"

"இல்ல, சும்மா இப்படிப் போயிட்டிருந்தேன்."

"சொம்போடயா?"

தாழ்ப்பாள் விலகியது.

"முதுகு எட்டல. வாங்க. இன்னிக்காவது என்னைப் பாத்து ஊத்துங்க."