மூன்று முறை சத்தமாகச் சொல்லவும்

எங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஞாபக அலுவலகத்துக்குப் போய், தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும். மாலை நான்கு மணிக்குள் சொல்லாதவர்களை இடது பக்க அறையில் வைத்துவிடுவார்கள். அங்கே குடைகளும் டப்பா மூடிகளும் ஒற்றைச் செருப்புகளும் இருக்கின்றன. காற்றோட்டமான அறைதான். குறை சொல்ல முடியாது.

நானும் என் வீட்டுக்காரரும் காலை பத்து மணிக்கே போய்விட்டோம்.

வரிசை எட்டு வடிவத்தில் நடந்துகொண்டிருந்தது. நடப்பது மூளைக்கு நல்லது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எட்டுக்கு முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. அதனால் யாரும் யாரையும் முந்தவில்லை. கால் கடுத்தது. நீங்களாவது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேளுங்கள், கண்ணுகளா.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தெய்வானையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவள் யாரோடும் பேசாமல் டிவி முன்னாலேயே இருந்து இருந்து, போன மாதம் பீரோவாகிவிட்டாள். திறந்தால் உள்ளே சேலைகள் ஒழுங்காக மடிந்திருக்கின்றன. முன்பும் அவள் அப்படித்தான்.

"எப்புடியிருக்கற தெய்வான?" என்று கதவைத் தட்டினேன்.

உள்ளே ஒரு ஹேங்கர் ஆடியது.

மூன்றரை மணிக்கு ஜன்னல் எங்களிடம் வந்தது. உள்ளே இருந்த அலுவலர் வாயில் பேனா மூடியை வைத்திருந்தார்.

"வல்லாரை?" என்று என்னைக் கேட்டார்.

"வாரம் ரெண்டு நாளுங்க. தொவையல்."

"தூக்கம்?"

"அவரு எந்திரிச்சு நடக்காத அன்னிக்கு ஏழு மணி நேரமுங்க."

"பேச்சுத்தொணை?"

"பீரோகிட்டப் பேசறனுங்க."

யோசித்துவிட்டு அரை டிக் போட்டார். "பேரு?"

"மயிலாத்தாள்."

என் கையில் முத்திரை குத்தினார். பிறகு அவரைப் பார்த்தார். "ஐயா, உங்க பேரு?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான்கு வருடங்களாக எதைக் கேட்டாலும் அந்தச் சிரிப்பைத்தான் தருகிறார். பெயர் மட்டும் போன வருடம் வரை வந்துகொண்டிருந்தது. "சாப்புட்டீங்களா?" என்றார்.

"பேருங்கய்யா."

"நாங்க வரக்காப்பி குடிச்சுட்டுத்தான் வந்தமுங்க."

அலுவலர் வாயிலிருந்து மூடியை எடுத்தார். "ஐயாவுக்குப் பேரு போயிருச்சுங்கம்மா. நீங்க சொல்லுங்க. மூணு தடவ. சத்தமா."

ரேஷன் கார்டை நீட்டினேன்.

"எழுதுனது செல்லாதுங்க. வாயில வரோணும்."

ஐம்பத்திரண்டு வருடங்களில் நான் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள். "ஏனுங்க" போதும். சென்னிமலைக்குப் பஸ் ஏறினால்கூடக் கண்டக்டரிடம் "முருகன் மலைக்கு ஒண்ணு" என்பேன். அவர் பெயரில் பாதி அந்த ஊரில் இருந்தது.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அலுவலர் டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார். "உங்ககிட்ட இந்தப் பேரு இருப்புலயே இல்லீங்க. ஒருக்காக்கூடப் பொழங்கல."

"மனசுல இருக்குதுங்க."

"மனசு எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க. பொழங்காதத நாங்க வெச்சிருக்கறதில்ல. வேற ஆரு அவரப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?"

"அவங்கம்மா."

"கூட்டியாங்க."

"செத்து முப்பது வருசமாச்சுங்க."

"அப்ப நேரம் பத்தாது. வேற?"

"அவங்கண்ணன். அவரும் போயிட்டாருங்க."

"புள்ளைங்க?"

"அப்பான்னுதானுங்க கூப்புடும்."

"அப்பான்னு இன்னிக்கு மட்டும் நாப்பது உருப்படி வந்திருக்குதுங்க."

மூன்று ஐம்பது. இரண்டு பியூன்கள் வந்து அவர் கைகளை மெல்லப் பிடித்தார்கள். அவர்களையும் சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டே கூடப் போனார். காலையில் பத்தடியாக இருந்த தாழ்வாரம் இப்போது தெரு நீளம் இருந்தது. அதன் கடைசியில் ஒருவன் இரண்டு குடைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். கையில் அட்டை வைத்திருந்தான். 'ஆண், வேட்டி' என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன்.

வரிசையில் இருந்த கிழவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் திரும்பவில்லை.

எனக்கு அலுப்பாக இருந்தது. சோறாக்கிய அலுப்பு, இது கக்கூஸ் இல்லீங்க சாமி ரூம் என்று தினமும் சொன்ன அலுப்பு, எட்டுப் போட்ட அலுப்பு. என் வெட்கம் முதலில் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அதற்கும் வயதாகிவிட்டது.

"சென்னியப்பன்," என்றேன்.

தூசியோடு வந்தது. இருமினேன். "சென்னியப்பன்," என்றேன். குரல் பிளந்துகொண்டது. மூன்றாவது தடவை கத்தினேன்.

"சென்னியப்பா!"

எட்டு நின்றது. பீரோ கதவு தானாகத் திறந்துகொண்டது.

தாழ்வாரத்தின் கடைசியில் அவர் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏம்புள்ள மயிலா," என்றார். "நாலு பேரு முன்னால பேரச் சொல்லியா கூப்புடற? மருவாதி கெட்டுப்போச்சா உனக்கு?"

"கெட்டுப்போச்சுங்க," என்றேன்.

அலுவலர் அவருக்கான முத்திரையை என் இன்னொரு கையில் குத்தினார். "இது இன்னிக்குத்தானுங்க. தினமும் சொல்லோணும்."

"தினமுமுங்களா?"

"வெறும் வயித்துலயும் சொல்லலாம்."

என் வீட்டுக்காரர் பியூன்களின் கைகளை உதறிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். நாங்கள் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. பத்தடி போனதும் அவர் நடை தளர்ந்தது. கை சுவரில் எதையோ தேடியது. முகத்தில் அந்தச் சிரிப்பு திரும்பி வரப் பார்த்தது.

"சென்னியப்பா," என்றேன்.

திரும்பி முறைத்தார். "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

மறுபடி பத்தடி. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி திட்டினார். வாசல் இன்னும் கண்ணில் படவில்லை. முட்டி வலித்தது. பத்தடிக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். அவர் ஒரு தடவைகூடத் திட்டாமல் விடவில்லை.