அங்கே பிரேக் இல்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் என்று பலர் சொல்வதுண்டு. மாஸ்டர் விஷயத்தில் அது தப்பு. அவர் தன் உயிரைக் காலுக்கடியில் வைத்திருந்தார். பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் அதுதான் காப்பாற்றும். இத்தனை வருஷமாக அவர் கால் அதன் மேல் மிதந்துகொண்டே இருந்தது. ஆனால் அழுத்துவது அபூர்வம். "நான் அழுத்திட்டா நீங்க கத்துக்க மாட்டீங்க" என்பார்.

அப்படிப்பட்டவருடைய நெஞ்சு ஒரு மதியம், வீட்டு நாற்காலியில் அக்கடா என்று சாய்ந்திருந்தபோது, ஒரு துடிப்பை விட்டுவிட்டது. அடுத்த துடிப்பு ஓங்கிக் குத்தியது. எதிரே லாரி வந்தபோதெல்லாம் ஒழுங்காக அடித்த நெஞ்சுக்கு, சும்மா உட்கார்ந்தால்தான் கிறுக்குப் பிடித்தது. அன்றிலிருந்து அடிக்கடி இதே கதை.

டாக்டரம்மா ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். ஒரு நாள் முழுக்க இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டு அனுப்பினார். ஸ்கேனும் பார்த்தார்.

"இதயம் நல்லா இருக்கு. சில துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுது. அதுக்கப்புறம் சின்னதா ஒரு இடைவெளி. அதைத்தான் நின்னுபோச்சுன்னு நினைக்கிறீங்க. உங்களுக்கு இதனால ஆபத்தில்ல."

"மாத்திரை?"

"இருக்கு. ஆபத்துக்காக இல்ல, தொந்தரவு தாங்க முடியலேன்னா. கொஞ்சம் அசதியா இருக்கலாம், சிலருக்குத் தலை சுத்தும். வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க."

மாஸ்டருக்கு இதுதான் பிடிக்கவில்லை. டாக்டர் என்றால் சாப்பிடு என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போய்ப் பிழைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். யோசிக்கச் சொல்வதற்கு ஒரு டாக்டரா?

ஆனாலும் யோசித்தார். வேறு வேலையே ஓடவில்லை. மாத்திரையைச் சாப்பிட்டு அசந்துபோனால், அழுத்தவேண்டிய நொடியில் கால் அழுத்துமா? சாப்பிடாவிட்டால் இந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பயம் ஏற்கெனவே காலுக்கு இறங்கிவிட்டது. அவரிடம் கற்றுக்கொண்டிருந்த பாட்டு டீச்சர் மார்க்கெட் தெருவில் பொறுமையிழந்து கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், வண்டியை நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா? தொட்டதுக்கெல்லாம் பிரேக் போடுறீங்களே!"

அசடு வழியச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. இப்படியே போனால் இந்த இருக்கையில் உட்கார நமக்கு என்ன தகுதி இருக்கிறது, தொழிலை விட்டுவிடலாமா என்று குமைந்தார்.

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. கிளம்பி வாசலுக்கு வந்தால், வீட்டுக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறவள். கல்யாணமான புதிதில் அவர் ஓட்டக் கற்றுக்கொடுக்கப்போய், முதல் திருப்பத்திலேயே தொண்டை கிழியக் கத்தினார். அவள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை.

"என்ன விளையாட்டு இது?"

அவள் பையைத் திறந்து லைசென்ஸை நீட்டினாள். படத்தில் இருந்தவள் அவளேதான்.

"எப்போ கத்துக்கிட்டே?"

"உங்களுக்கு நெஞ்சு படபடத்ததுலேர்ந்து காலையில நடக்கப் போறேன்னு போனேனே, அப்போ."

ஆறு மாசம் நடந்தும் ஒரு சுற்றுகூட இளைக்காத மர்மம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்க?"

"மார்க்கெட் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்ல."

அந்த ஸ்கூல்காரனை மாஸ்டர் வாய்க்கு வந்தபடி திட்டாத நாள் கிடையாது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி தெருமுனை திரும்பியது. மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது. ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, மறுபடி மிதித்தார். கீழே விரித்திருந்த மிதியடி சுருண்டுகொண்டது.

"என்னங்க, அங்க பிரேக் இல்ல. காலை எடுங்க."

சிக்னலில் வண்டி உதறி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. மாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். அவள் பதறாமல் திரும்ப ஸ்டார்ட் செய்தாள்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்களே கத்துக்கொடுக்க வந்துடுவீங்களே!" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "திடீர்னு உங்களுக்கு ஏதாவதுன்னா நான் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவேன்? அதான். ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆகாட்டி ரொம்ப சந்தோஷம், கடைக்குப் போயிட்டு வருவேன். நீங்க மாத்திரை சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி, நான் ஓட்டுவேன்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. தான் கத்தியதை மறக்காதவள், அதையும் மீறித் தனக்காக மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். இவளுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அவர் பயந்ததெல்லாம் விட்டுப்போன துடிப்புக்கு அல்ல. அந்த நேரத்தில் வீட்டில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லையே என்றுதான். அந்தப் பயத்துக்காகத்தான் மாத்திரையைத் தேடியிருக்கிறார். அதற்கு மருந்து அவருக்குத் தெரியாமலே காலைதோறும் தயாராகியிருந்தது.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இப்போ வேண்டாம்மா. தொந்தரவு கூடுச்சுன்னா நானே வந்து கேக்குறேன்."

"சரி. ஆனா மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்னு ஏதாவது வந்தா உடனே வரணும்."

"வந்துடுவேன். கூட்டிட்டு வர ஆள் இருக்கு."

திரும்பும் வழியில் நெஞ்சு ஒருமுறை விட்டு அடித்தது. அடித்துக்கொள் என்று விட்டுவிட்டார். கால்களை மடக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தூங்கிப்போனார். "வீடு வந்துடுச்சு" என்று அவள்தான் எழுப்பினாள்.

மறுநாள் காலையில் பாட்டு டீச்சரிடம், "மார்க்கெட் தெருவுக்கே விடுங்க" என்றார்.

"ஐயோ, கூட்டமா இருக்குமே!"

"இருக்கட்டும்."

கூடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே டீச்சர் வியர்த்து வழிந்து ஓட்டினார். மாஸ்டரின் கால் பிரேக்குக்கு மேலே மிதந்தது, ஒருமுறைகூட அழுத்தவில்லை. ஒரு போர்டுக்கு முன்னால் ஓரங்கட்டச் சொன்னார். அதைப் படித்துவிட்டு டீச்சர் திகைத்தார்.

"மாஸ்டர், இது வேற ஸ்கூல் ஆச்சே?"

"தெரியும். இருங்க, வந்துடுறேன்."

அவர் இறங்கி வருவதைப் பார்த்ததும் மார்க்கெட் மாஸ்டர் சண்டைக்குத் தயாராகி எழுந்து நின்றார். நம் மாஸ்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட கத்துக்கிட்ட ஒருத்தங்க நேத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்லா ஓட்டுறாங்க. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."